சுவரைப் பார்த்த டாக்டர்

சுழல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, பேனாவைத் திறந்து வைத்திருக்கிறான் டாக்டர் அறவாழி, சொல்லுங்க அண்ணி, நான் பாக்கல, காது மட்டும்தான் இங்க இருக்கு என்கிறான், பூங்கோதைக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே அழுகையும், வீட்டிலேயே டாக்டர் இருக்கும்போது வெளியே போவானேன் என்று அவள் கணவர்தான் பெருமையோடு தம்பியிடம் அனுப்பிவைத்தார், அவளும் ஒவ்வொரு தடவையும் வந்து அசதியா இருக்கு தம்பி என்பாள், அவனும் மேசையைப் பார்த்துக்கொண்டே சத்து மாத்திரை எழுதுவான், கொழுந்தனிடம் எதைச் சொல்வது, அண்ணியிடம் எதைக் கேட்பது, இருவருக்கும் அத்தனை மரியாதை, மரியாதையால் எந்த உபாதை தீர்ந்திருக்கிறது.

அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான், மாதத்தில் மூன்று நாள் அவள் அடுப்படிக்குள் போகக்கூடாது, ஏன் என்று யாரும் வாய்திறக்க மாட்டார்கள், அந்த மூன்று நாளும் காபி அவன்தான் போடுவான், சர்க்கரை தூக்கலாக, டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு போவான், அந்தக் காபி இப்போதும் நாக்கில் இனிக்கிறது, நினைப்பு அவள் வேலை பார்க்கும் ரயில்வே முன்பதிவுக் கவுண்டருக்குத் தாவுகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை நிற்கிறது, இருபத்துமூன்று வருஷம் விரல்நுனியில் இருந்த ஊர்ப்பெயர்கள் காணாமல் போகின்றன, ஒரு பெரியவரைப் பார்த்துக் கத்துகிறாள், அவர் படிவத்தைப் பொறுக்கிக்கொண்டு போகிறார், புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து விருப்ப ஓய்வுக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறாள், நாளைக்குக் கொடுக்க வேண்டும், மாத்திரை வாங்க வந்த இடத்தில் அதைச் சொல்லிவிட்டாள், அதைக் கேட்டுத்தான் அவன் நாற்காலியைத் திருப்பினான்.

கடைசியா எப்ப குளிச்சீங்க அண்ணி என்று சுவரைக் கேட்கிறான், நின்னு பத்து மாசமாச்சு என்று அவளும் சுவருக்கே சொல்கிறாள், திடீர் திடீர்னு நெஞ்சு முகமெல்லாம் எரியுது, வேர்த்துக் கொட்டுது, தூக்கம் இல்ல, எல்லாம் மறந்துபோகுது, பேனா ஓடுகிறது, நின்றுவிடுகிறது, மாதவிடாய் நிக்கிற வயசுல இப்படி வரும் அண்ணி, புத்திக்கு ஒண்ணும் ஆகல, மருந்து இருக்கு, ரத்தமும் பாத்துருவோம், முதல் நாளே கேட்டிருக்கணும், பத்து மாசமா சத்து மாத்திரை எழுதியிருக்கேன், நானெல்லாம் ஒரு டாக்டரு, அந்தக் கடுதாசியைக் குடுங்க என்று திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டுகிறான், அவள் கடிதத்தை எடுத்து அந்தக் கையில் வைக்கிறாள், பிடித்த கையை விடவில்லை, திரும்புப்பா, மிச்சத்தை உன் மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்.