தோலுரி அண்ணன் உரிக்காதது

"ஒரு சின்னத் தப்பு நடந்துருச்சு" என்று சொல்லிவிட்டுத் தோலுரி அண்ணன் கேமராவுக்கு முன்னால் தலையைக் குனிந்தான். குனிந்தது கொஞ்சம் கூடிப்போயிற்று. உச்சியில் முடி மெலிந்திருந்த இடம் ரிங் லைட் வெளிச்சத்தில் பளபளவென்று திரையில் தெரிந்தது. நிறுத்தி, அழித்து, மறுபடி நேராக உட்கார்ந்தான். மேனேஜர் எழுதி அனுப்பியிருந்த மன்னிப்பில் தலை எவ்வளவு குனிய வேண்டும் என்ற குறிப்பு மட்டும்தான் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே தண்ணீர் குடிக்க வேண்டும், 'என் குடும்பமான நீங்கள்' என்று சொல்லும்போது கண்ணைத் துடைக்கப்போய்த் துடைக்காமல் கையை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது வரைக்கும் இருந்தது. சட்டைக்கும் யோசனை சொல்லியிருந்தான். கறுப்பு வேண்டாம், துக்கம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கும். சிவப்பு வேண்டாம், சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். அண்ணன் சாம்பல் நிறத்தில் எந்த அபிப்பிராயமும் இல்லாத ஒரு சட்டையைத் தேடி எடுத்துப் போட்டிருந்தான்.

அவன் சேனலின் பெயர் 'தோலுரி'. போன், கைக்கடிகாரம், தரை பெருக்கும் இயந்திரம் என்று எது சந்தைக்கு வந்தாலும் பெட்டியைப் பிரித்து, சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதித்து, கம்பெனிக்காரர்களின் புளுகைத் தோலுரித்துக் காட்டுவது அவன் தொழில். பெயருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. புதுப் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை மைக்குக்கு அருகில் வைத்து, நுனியில் நகத்தைக் கொடுத்து, அவசரமே இல்லாமல் சர்ர்ரென்று உரிப்பான். அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது என்று எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவன் அப்பா வயதுக்காரர்கள்கூட அவனை அண்ணா என்றுதான் அழைத்தார்கள். இத்தனை தம்பி தங்கைகள் தூங்கிக்கொண்டிருக்க, அவனுக்கு மட்டும் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. சொந்தச் சரக்கு அவனுக்கே வேலை செய்யவில்லை.

விவகாரம் இதுதான். அக்கா, தங்கை இரண்டு பேர் சேர்ந்து, காது மந்தமானவர்களுக்கென்று குறைந்த விலையில் ஒரு கருவி செய்தார்கள். தோலுரி அண்ணனுக்கு ஒரு ஜோடி அனுப்பினார்கள். அவன் பெட்டியில் இருந்த தாள், மூடியில் இருந்த தாள், சார்ஜரில் இருந்த தாள் எல்லாவற்றையும் பக்தியோடு உரித்தான். கருவியின் மைக்கை மூடியிருந்த, பொட்டு அளவுகூட இல்லாத தாளை மட்டும் உரிக்கவில்லை. காதில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பஞ்சு வச்சுக்கலாம், பஞ்சு விலை கம்மி" என்றான். நாடே சிரித்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் ரத்து செய்தார்கள். அக்கா, தங்கை இருவரும் பணிவாக ஒரு பதில் போட்டார்கள்: மைக் மேல் ஒரு தாள் இருக்கும், அதை எடுக்க விட்டுப்போயிருக்கலாம். அதற்கு அவன் இரண்டாவதாக ஒரு வீடியோ போட்டான். "அக்கா, உரிக்கிறதுக்கு எனக்கே கிளாஸ் எடுக்குறீங்களா அக்கா?" இந்த வாக்கியம் பனியனில் அச்சாகி விற்றது. பிறகு வேலையில்லாத யாரோ ஒருவன் முதல் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்து, கருவியின் மேல் தாள் மினுங்குவதை வட்டம் போட்டுக் காட்டினான். இப்போது நாடு வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தது.

நாட்டுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாத ஒன்று ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

தேறாத பொருட்களெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அப்பா. நேரம் தப்பாகக் காட்டும் கடிகாரம், சூடாகும் போன், ஒரு பக்கம் மட்டும் எரியும் விளக்கு எல்லாவற்றையும் அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். அப்படித்தான் காதுக் கருவியும் காது மந்தமான அவரிடம் போயிற்று. முதல் வீடியோ போட்ட மறுநாள் அப்பா சோபாவில் இருந்தபடி, "அந்த பேன்ல ஏதோ கடகடங்குதுடா" என்றார். பேன் அப்படித்தான் பல வருடமாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. அவன் நின்று கேட்டான். அப்பா சமையலறைக் குழாயின் சொட்டைப் பற்றியும் புகார் சொன்னார். அக்கா, தங்கையின் பதில் வந்தது அதற்குப் பிறகுதான். எல்லாக் கம்பெனிகளிடமும் ஆதாரம் எங்கே என்று கேட்கிறவன், தன் அப்பாவுக்குக் காது கேட்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று முடிவு செய்துகொண்டு இரண்டாவது வீடியோவை எடுத்தான். அன்று அவனுக்கு நல்ல பசி. எடுத்து முடித்ததும் நிறையச் சாப்பிட்டான். அது நினைவிருந்தது.

அப்பாவுக்குக் காது கேட்கத் தொடங்கியதில் இன்னொரு சங்கடமும் வந்தது. கேட்காத காலத்தில், அவர்தான் கேட்கமாட்டாரே என்று வீட்டில் பேசாமல் இருந்தான். அம்மா போன பிறகு அதுவே பழக்கமாகி, சைகையிலும் தோளைத் தட்டுவதிலும் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. இப்போது அவருக்குக் கேட்கிறது, பேசலாம். பேச உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. லட்சக்கணக்கான பேரிடம் வணக்கம் சொந்தங்களே என்று ஆரம்பிக்கிறவனுக்கு ஒருவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வரவில்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டான். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய அறை. சொன்னது எதுவும் திரும்பி வராது.

மறுபடி ஆரம்பித்தான். பாதியில் இருமல் வந்தது, அதையும் அழித்தான். மேனேஜர் தொழில் தெரிந்தவன். 'பண்ணிட்டேன்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நடந்துருச்சு, விட்டுப்போச்சு, மனசு புண்பட்டிருந்தா. தப்புக்குத் தானாகக் கால் முளைத்து, மாடிப்படி ஏறி, கதவைத் தட்டாமல் நடந்து வந்து உட்கார்ந்துகொண்டதைப் போல. காலையில் போனில் இதைக் கேட்டபோது மேனேஜர் பொறுமையாக விளக்கியிருந்தான்.

"பண்ணிட்டேன்னு சொன்னா, யாரு பண்ணான்னு கேப்பான் தலைவா. நடந்துருச்சுன்னா எவன் கேப்பான்? மழை பெஞ்சிருச்சுங்கிற மாதிரிதான். சாயங்காலத்துக்குள்ள போட்டுவிடு. விளம்பரக்காரங்க எல்லாம் காத்துட்டிருக்காங்க."

போன் அடித்தது. தெரியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணாக இருக்கும் என்று ஆவலோடு எடுத்தான். முந்தைய நாள் அவளோடு வட்டி விகிதத்தைப் பற்றி வெகுநேரம் மனம்விட்டுப் பேசியிருந்தான். கடைசியில் அவள்தான், வேற கால் வருது சார் என்று கழற்றிக்கொண்டாள்.

"சார், காதுக் கருவி பண்றவங்க பேசுறேன்" என்றது குரல். "வீடியோல அக்கா அக்கான்னீங்களே, அது நான்தான்."

அவன் எழுந்து நின்றுவிட்டான். திட்டப்போகிறாள் என்று காதைப் போனிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தான். அவள் திட்டவில்லை. கடையைக் கட்டுகிறார்களாம். மாதக் கடைசியில் சர்வரை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு கருவியில் சத்தத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதனால் வாங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, இப்போதே சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். அந்த வரிசையில் இவனுடைய ஜோடியும் வந்திருக்கிறது.

"அது ஓடாத பீஸ்" என்றான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஓடுது சார், எங்க சர்வர்ல தெரியுது. எந்திரிச்சதுலேருந்து படுக்குற வரைக்கும் ஓடுது. உங்க ரெண்டாவது வீடியோ வர்றதுக்கு முன்னாடியிலேருந்தே ஓடுது."

அவள் நிறுத்தினாள். மறுமுனையில், அவளுக்குப் பின்னால், சர்ர்ரென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. இந்த வகைச் சத்தங்களில் அவன் நிபுணன். பெட்டியைப் பிரிக்கும்போது டேப் துண்டு துண்டாகக் கிழியும். இது ஒரே இழுப்பு. தங்கைக்காரி அட்டைப்பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தாள்.

"யாரு போட்டிருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "ஓடுறது மட்டும்தான் தெரியும்."

"இதை வெளிய சொல்லப்போறீங்களா?"

"நாங்க சொல்லி என்ன சார். நீங்க சொன்னாத்தானே கேக்குறாங்க." அதில் குத்தல் இருந்ததா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது களைத்துப்போன, கணக்குப் பேசும் குரலாகத்தான் இருந்தது. "அவங்களுக்கு நல்லா கேக்குதா?"

"கேக்குது" என்றான். ரொம்ப நாளில் அவன் ஒரு பொருளைப் பற்றிச் சொன்ன மிகச் சுருக்கமான மதிப்புரை அது.

"எடது பக்கம் சத்தம் போதுமான்னு கேட்டுச் சொல்லுங்க. அதுதான் கொஞ்ச நாள்ல கம்மியாகும். இப்பவே ஏத்தி வச்சிடலாம்."

போனை வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தான். டிவியில் யாரோ யாரையோ விவாகரத்து செய்துகொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் அந்த அழுகை தெருமுனை வரை போகும். இப்போது அப்பா சத்தத்தைத் திரையில் ஒற்றைக் கோடு அளவுக்குக் குறைத்து வைத்திருந்தார். தோளைத் தட்டப் போன கையை இழுத்துக்கொண்டு, "அப்பா" என்றான். அவர் உடனே திரும்பினார். அதுவே விநோதமாக இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றார். "இருமல் வந்ததே, அதையே வச்சிருக்கலாம். அதுதான் உன் குரல் மாதிரி இருந்துச்சு."

"எல்லாம் கேட்டுச்சா?"

"நடந்துருச்சு, நடந்துருச்சுன்னு வந்துட்டே இருந்துச்சு. நீ ஏதோ நடைப்பயிற்சிக் கருவி பத்திப் பேசுறியோன்னு நினைச்சேன்." அவர் சிரிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்பது அவர் முகத்தில் ஒருபோதும் தெரியாது. அவரிடமிருந்து வந்த அந்த முகத்தைத்தான் இவன் வீடியோவில் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

"எடது பக்கம் எப்படிப்பா இருக்கு? கூட்டணுமா?"

அப்பா இடது காதைத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தான் கேக்குது. நீ உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா மட்டும் கொஞ்சம் மங்கலா கேக்குது." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகப் பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். மூடியின் உட்பக்கத்தை அவனுக்குக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் சாய்த்தபோது பொட்டு அளவில் ஏதோ மினுங்கியது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று.

"இதை உன்கிட்ட குடுக்கணும்னு அன்னிக்கே எடுத்து வச்சேன். கருவி மேல ஒட்டியிருந்துச்சு. நீதான் இதையெல்லாம் வீடியோல உரிப்பியே, அதுக்குன்னு விட்டு வச்சிருந்தியோ என்னமோ. தெரியாம நான்தான் உரிச்சுட்டேன்." அவர் மகன் முகத்தைப் பார்த்தார். "தப்பு பண்ணிட்டேனாடா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். தலையைத்தான் ஆட்டினான், பழைய சைகை வழக்கப்படி. அப்பா அதைப் புரிந்துகொண்டார். சைகையில் அவர்கள் இருவரும் எப்போதும் தேர்ந்தவர்கள்தான். ஒரு தாளை நகத்தால் நெம்பி அவன் விரல் நுனியில் ஒட்டிவிட்டு, டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறைக்கு வந்தான். விரலை மடக்கினால் ஒட்டிக்கொள்ளுமே என்று ஒற்றை விரலை நீட்டிக்கொண்டே வந்ததால் கதவைச் சாத்த வசதிப்படவில்லை. அல்லது அப்படி வைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்தான். மேனேஜரிடமிருந்து செய்தி வந்து திரை ஒளிர்ந்தது: போட்டாச்சா தலைவா? போனைக் கவிழ்த்து வைத்தான். மற்ற கையால் கேமராவின் பொத்தானை அழுத்தினான். சிவப்புப் புள்ளி எரிந்தது.

வணக்கம் சொந்தங்களே என்று ஆரம்பிக்கவில்லை. விரலை மைக்குக்கு அருகில் கொண்டுபோய், கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து, தன் தொழிலில் செய்கிற மாதிரியே மெதுவாக உரித்தான். எந்தச் சத்தமும் வரவில்லை. அத்தனை சின்னது. திறந்திருந்த கதவு வழியாக வந்துகொண்டிருந்த டிவி அழுகை தேய்ந்து தேய்ந்து முழுக்க நின்றது. ஹாலில் சோபா ஒரு முறை முனகியது, யாரோ இந்தப் பக்கம் திரும்பி உட்காருகிற மாதிரி.

"தப்பு" என்றான். அதன் பின்னால் 'நடந்துருச்சு' சேர்க்கவில்லை.

நகத்தின் நுனியில் இருந்த தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான். கேமரா விரலைப் பார்த்தது. முகம் கலங்கிப் பின்னால் போயிற்று. முகத்தைப் பார்த்தது, விரல் கலங்கியது. மறுபடி விரல், மறுபடி முகம் என்று, எதைத் தெளிவாகக் காட்டுவதென்று தெரியாமல், லென்ஸ் உள்ளும் வெளியுமாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.