விஜயதசமியன்று இருண்ட திரை

விஜயதசமி காலையில் கம்ப்யூட்டரைப் போட்டவள் தேவிஸ்ரீ. திரை இருட்டாகக் கிடந்தது. அவ்வளவுதான், பழி வந்து அவள் தலையில் உட்கார்ந்துகொண்டது.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? நீதான் எதையோ அமுக்கிட்ட," என்றார் மாமியார் நிர்மலாதேவி.

மெர்லிமா ஊரில் அவர்கள் வீட்டு முன்னறைதான் தையல் கடை. துணியில் பேரும் சின்னமும் தைக்கிற பெரிய எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று அங்கே இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் எதையும் அது மதிக்காது. செங்கல் கனத்தில் ஓர் ஆதிகால லேப்டாப் உண்டு, அதிலிருந்து கேபிள் போட்டால்தான் டிசைன் உள்ளே போகும். வயதான புருஷன் பெண்டாட்டி மாதிரி, ஒன்றில்லாமல் மற்றது ஒரு வேலையும் செய்யாது.

தேவிஸ்ரீ இந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு தீபாவளிகூடக் கொண்டாடவில்லை. மெஷினைத் தொட மாமியார் இப்போதுதான் விட்டிருந்தார். அதற்குள் இது. மத்தியானம் அவர் போனில் பேசியது அடுப்படிவரை கேட்டது.

"ரோசலின், உங்க சர்ச் பாட்டுக் குழுத் துண்டு லேட் ஆகும்லா. மருமக கை வச்சா, கம்ப்யூட்டர் ரோசாக், கெட்டே போச்சு."

ரோசலின் காதுக்குப் போன சேதி ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிடும். கை வைத்ததெல்லாம் கெடுக்கிற மருமகள் என்று பேர் ஆகிவிட்டால் அதை எந்த சோப்புப் போட்டுக் கழுவுவது? தேவிஸ்ரீக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கணவன் கிஷனிடம் சொன்னாள். "அம்மா அப்படித்தான், விடுலா," என்று அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மத்தியான ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டான். நல்ல பிள்ளைதான். சண்டை நடக்கிற இடத்தில் மட்டும் இருக்க மாட்டான்.

சரி, நான்தான் கெடுத்தேன் என்றால் எதைக் கெடுத்தேன் என்றாவது பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள்.

பொத்தானை அமுக்கியதும் 'பீப்' என்றது, காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது. உயிர் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அமுக்கி அமுக்கி விரல் வலித்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினாள், பயனில்லை. கடைசியில் கைப்பேசி டார்ச்சைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தாள். மங்கலாக எழுத்து தெரிந்தது! படம் ஓடுகிறது, பின்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் இல்லை.

உள்விளக்கு செத்திருந்தால் இந்தக் காலத்தில் அதற்கு மாற்று எங்கே கிடைக்கும்? யோசித்தபடியே தண்ணீர் எடுக்க பிரிட்ஜைத் திறந்தாள், அதன் விளக்கு எரிந்தது. கதவு மூடினால் விளக்கை அணைக்க ஓரத்தில் ஒரு குமிழ் இருக்கிறதே. லேப்டாப்பிலும் மூடி மூடியதும் வெளிச்சம் அணையும், அப்படியானால் அதிலும் ஒரு குமிழ் இருக்கத்தானே வேண்டும்? ஓடி வந்து விசைகளைச் சுற்றித் தடவினாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரே ஓர் இடத்தைத்தான் அவள் தொடவில்லை. திரைக்குக் கீழே, நட்டநடுவில், சரஸ்வதி பூஜைக்கு மாமியார் வைத்த சந்தனப் பொட்டு. மற்ற வருஷமெல்லாம் மூடியின் மேல்தான் வைப்பாராம். இந்த வருஷம் மருமகள் பளபளவென்று துடைத்துத் திறந்து வைத்திருக்கவே, உள்ளேயே அழுத்தி வைத்துவிட்டார். சாமிக்கு வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்? அது தானாக உதிர வேண்டும்.

"தாயே, கோவிச்சுக்காத," என்று முணுமுணுத்தாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஈரப் பஞ்சை வைத்தாள். சந்தனம் இளகியது. அடியில் பச்சைப்பயறு அளவில் ஒரு குமிழ், அமுங்கிய நிலையிலேயே இறுகிக் கிடந்தது. ஊசி முனையால் ஓரத்தைச் சுரண்டியதும் டக்கென்று மேலே வந்தது. ஈரம் காயவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை பளிச்சென்று எரிந்தது.

கூப்பிட்டுக் காட்ட வேண்டும், நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. அதற்குள் மாமியாரே வந்துவிட்டார். திரையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, கும்பிட்டது வீண் போகல!"

அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்துக்கு முன்னால் தேவிஸ்ரீயின் நாலு வார்த்தையும் எங்கோ போய்விட்டது. "தூசி அடைச்சிருந்துச்சு அத்தை," என்றாள்.

நிர்மலாதேவி மஞ்சளாகிக் கிடந்த பஞ்சைப் பார்த்தார். பொட்டு இருந்த இடத்தைப் பார்த்தார். விரலால் குமிழை அமுக்கினார். திரை இருண்டது. விட்டார். எரிந்தது. மறுபடி ஒருமுறை செய்து பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். கோபமா என்று தேவிஸ்ரீக்குப் பிடிபடவில்லை. பயந்துகொண்டே துண்டுகளைத் தைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் சாயங்காலம் ரோசலின் வந்தாள். "அதுக்குள்ள சரியாயிருச்சா! கடையில குடுத்தீங்களாக்கா? என்னவாம்?"

"தூசிதான் ஆண்டி," என்றாள் தேவிஸ்ரீ அவசரமாக.

"தூசி இல்ல," என்றார் நிர்மலாதேவி. "நான் வச்ச சந்தனம். சுவிட்சு மேலயே அப்பிட்டேன். இவ ஒண்ணும் பண்ணல, இவதான் சரி பண்ணா. நான் இவமேல பழி போட்டேன். அதை ஊருக்கெல்லாம் சொன்னீல்ல, இதையும் சொல்லு."

தேவிஸ்ரீ துண்டுகளை மடிக்கக் குனிந்தாள். கண்ணீரில் ஓரம் எது, நடு எது என்றே தெரியவில்லை. கோணல்மாணலாக மடித்துப் பையில் வைத்தாள்.