வழங்காத கை

என் மகன் கிறிஸ்ரியின் கலியாணப் பேச்சுக்குப் பெண்ணின் தாய் பெற்றிசியாவும் உறவினர்களும் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பாரிசவாதத்தில் என் வலக்கை விழுந்து நான்கு மாதம். சட்டை போட்டுவிட வந்த கிறிஸ்ரியை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். பதினெட்டு வருடம் கோயில் மூப்பராக இருந்தவனுக்கு மகன் உடுத்திவிடுவதா?

வேட்டியை ஒரு கையால் சுற்றி எப்படியோ பெல்ட்டால் இறுக்கிவிட்டேன். சட்டைதான் வசப்படவில்லை. நல்ல கையை நுழைத்தால் மற்றக் கைக்கு எட்டவில்லை. மூன்று முறை முயன்றேன். வாசலில் பெண்வீட்டாரின் வான் வந்து நின்றது.

கதவுக்கு வெளியே மூத்தவள் றோசம்மாவின் குரல் கேட்டது.

“அப்பா, வந்திட்டினம்.”

“எனக்குச் சுகமில்லையெண்டு சொல்லு.”

“மடுவுக்குப் போட்டார் எண்டு சொல்லட்டோ?”

கட்டிலில் இருந்துவிட்டேன்.

றோசம்மாவுக்குப் பிறவியிலேயே இடக்கை வழங்காது. ஒன்பது வருடங்களுக்கு முன் இளையவள் டிலோஜினியைப் பெண் பார்க்க வந்த அன்று, அவள் தானாகவே புதுச்சட்டை உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். உள்ளறைக்குப் போ என்றேன். வந்தவர்களிடம், மூத்தவள் மடு மாதா கோயிலுக்குப் போய்விட்டாள் என்றேன். மாதாவின் பெயரில் பொய். அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதே சரி.

“வழங்காத கையை முதல் போடுங்கோ அப்பா. தோள்மட்டும் இழுத்துவிட்டிட்டு நல்ல கையைப் போடுங்கோ.”

போட்டேன். சட்டை ஏறிவிட்டது.

“ஆர் உனக்குக் காட்டித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. அறைக்குள்ள இருக்க நேரம் கிடக்குத்தானே.”

பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஒன்று இடம் மாறியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“மூத்த பிள்ளை எங்க அண்ணை?” என்று பெற்றிசியா கேட்டார்.

றோசம்மா அங்கே இல்லை. இம்முறை யாரும் சொல்லாமலே உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். கிறிஸ்ரி என் வாயைப் பார்த்தான். நான் எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன்.

“பிள்ளை, வெளியில வா.”

“வீட்டுச் சட்டையோட நிக்கிறன் அப்பா. மாத்த நேரமெடுக்கும்.”

“எடு. நான் நிக்கிறன்.”

உள்ளே அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரமாகும் என்று எனக்கு இப்போது தெரியும். விருந்தினருக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன். திரும்பி அவர்கள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.