சீல் உடையாத வில்

எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். குடும்பத்தின் எல்லாத் தகராறுக்கும் மூலகாரணம் அதுதான். என் வீட்டுக்காரர் மதுரைவீரன் புரொடக்‌ஷனில் சிஎன்சி லேத் ஓட்டுகிறார். நான் குவாலிட்டி. அவர் கடைந்து அனுப்புவதை நான் அளந்து பார்ப்பேன். அளவு தப்பியிருந்தால் பெட்டியில் சிவப்பு டேக் கட்டுவேன். பகலில் கட்டிய டேக்குக்கு ராத்திரி சோறு போடும்போது பதில் வரும்.

"உங்க டிபார்ட்மென்ட்டுக்கு என்னா வேலை? அடுத்தவன் செஞ்சதுல நொட்டை சொல்றது. அதுக்கு ஒரு ஏசி ரூம்பு வேற."

நொட்டை இருந்தால் சொல்லத்தான் செய்வேன். அளவு கொஞ்சம் விலகினால் இந்த மனுஷன் மெஷினை நிறுத்திக் காரணம் தேடமாட்டார். திரையில் நாலு பட்டனைத் தட்டி, எவ்வளவு விலகியதோ அவ்வளவு எதிர்ப்பக்கம் டூலைத் தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல டீ குடிக்கப் போய்விடுவார். இதற்குப் பெயர் ஆஃப்செட். போடுவது தப்பில்லை, எங்களிடம் சொல்லாமல் போடுவதுதான் தப்பு. ஏன் விலகியது என்று காரணம் எழுதிக் கொடுங்கள் என்று எட்டு வருஷமாகக் கேட்கிறேன். "பார்ட்டு சரியா வந்துச்சில்ல? அப்புறம் என்னாத்துக்கு எழுதணும்?" என்று எட்டு வருஷமாகக் கேட்கிறார்.

இந்த வருஷம் கம்பெனியின் ஃபேமிலி டேயைப் பாகலூர் தாண்டி, கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் வைத்தார்கள். அங்கே வில் எய்கிற மைதானம் உண்டு. வட்டப் பலகையெல்லாம் கிடையாது, வேட்டை மாதிரி. மரங்களுக்கு நடுவே ரப்பர் காட்டுப்பன்றி நிற்கும். அதன் தோள்பக்கம் நெஞ்சு இருக்கும் இடத்தில் ஒரு வளையம். அதில் அம்பு விழவேண்டும். மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற சென்னகிருஷ்ணனின் கேழ்வரகுக் கொல்லையை நிஜப் பன்றிகள் வருஷா வருஷம் உழுதுவிட்டுப் போகின்றன. நிஜப் பன்றியைத் தொட்டால் ஃபாரஸ்ட்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், அவர் ரப்பர் பன்றியிடம் பழி தீர்த்துக்கொள்கிறார்.

ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு ஆள். புரொடக்‌ஷனுக்கு என் வீட்டுக்காரர். குவாலிட்டிக்கு நான். நோட்டீஸ் போர்டில் இதைப் பார்த்த அன்றே வீட்டில் பந்தயம் வைத்துவிட்டோம். தோற்றவர் ஒரு வருஷத்துக்கு, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வரும்போதெல்லாம் இருட்டோடு எழுந்து, எங்கள் இரண்டு பேருக்கும் பொண்ணுக்கும் சமைத்து டப்பா கட்டவேண்டும். இத்தனை நாள் அதைச் செய்தவள் யார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்காக நான் யானையை வேண்டுமானாலும் எய்திருப்பேன்.

ஆளுக்கொரு வில்லை மைதானத்தில் முன்கூட்டியே கொடுத்தார்கள். குறி பார்ப்பதற்காக அதில் மாட்டும் சைட்டை மட்டும் நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சைட் என்பது ஒரு சின்ன வளையம். அதற்குள் குண்டூசி மாதிரி ஒரு பின். பின்னின் நுனியை எங்கே வைக்கிறோமோ அங்கே அம்பு போகவேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் எங்கள் மேனேஜர் சௌந்தரராஜன் சாரிடம் போனால் எந்த விஷயமும் அவ்வளவுதான் என்று முடியாது.

பெங்களூர்க் கடையிலிருந்து மூன்று சைட்டை வரவழைத்து, கருங்கல் மேஜைமேல் வரிசையாக வைத்து, மீட்டிங் போட்டார். முதலாவதில் ஒரே பின், தூரத்துக்குத் தகுந்தபடி சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டாவதில் மூன்று பின். மூன்றாவதில் ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து பின், ஐந்தும் ஐந்து கலர், கிட்டத்துக்கு ஒன்று, எட்டத்துக்கு ஒன்று. போதாததற்கு அடியில் தண்ணீர்க் குமிழி போட்ட ஸ்பிரிட் லெவல்.

"ஸ்பிரிட் லெவலே இருக்கும்மா!" என்றார் சார். பேரக்குழந்தையைப் பார்த்தவர் மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

நான் ஏற்கெனவே சென்னகிருஷ்ணனிடம் கேட்டிருந்தேன். "காட்டுல பன்னி நின்னு போஸ் குடுக்காது மேடம். அஞ்சு பின்னு இருந்தா எந்தப் பின்னுன்னு யோசிக்கறதுக்குள்ள அது கர்நாடகா போயி சேந்துரும். ஒந்தே சாக்கு, ஒண்ணு போதும்" என்றிருந்தார். சாரிடம் அதைச் சொன்னேன்.

"அது எக்ஸ்பீரியன்ஸும்மா. நமக்கு டேட்டா வேணும்" என்று சொல்லி, அட்டவணை போட்டு, மார்க் போட்டு, ஐந்து பின்னை ஜெயிக்க வைத்தார். அது ஜெயிக்கும்வரை மார்க் போட்டார் என்பது என் கருத்து.

அதன் பிறகு செய்ததுதான் பெரிய கூத்து. வில்லை டூல்ரூமில் வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கினார். நாணை ஒரு ஸ்க்ரூ வைத்துப் பின்னால் இழுத்தார். லேசர் வெளிச்சத்தை அடித்து, அம்பை விட்டு, அது விழுந்த இடத்துக்குப் பின்னை நேராக்கினார். மறுபடி விட்டார். ஷெட்டுக்குப் பின்னால் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் எல்லா அம்பும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தன.

"எல்லாத் தப்புக்கும் காரணம் மனுஷன் கைதாம்மா. கையை எடுத்துட்டோம், தப்பு போயிருச்சு" என்றார்.

அளக்கிற கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று கேலிபரேஷன் பார்க்கும் டெல்பின் பக்கத்தில் நின்றிருந்தாள். "போட்டியில எய்யப்போறது கைதானே சார்?" என்றாள்.

"அதுல தப்பு வந்தா அது ஆபரேட்டர் எர்ரர்" என்றார் சார்.

அந்த ஆபரேட்டர் நான்தான். டெல்பின் என்னைப் பார்த்த பார்வையில் இரங்கல் இருந்தது. பிறகு சார் சொன்னபடி எல்லாத் திருகுமேலும் மஞ்சள் பெயின்ட் வைத்து சீல் செய்தாள். அடுத்த கேலிபரேஷன் எப்போது என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்தும் போட்டாள். கேலிபரேஷன் முடிந்த கருவியைக் கண்டபடி தொடக்கூடாது என்று வில்லைப் பீரோவில் வைத்துப் பூட்டினார் சார். நான் மைதானத்தில் கிடந்த வேறு ஒரு வில்லை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினேன். வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணனிடமிருந்தே பழைய ஒற்றைப் பின் சைட் ஒன்றை வாங்கிக் கறுப்பு டேப் சுற்றி மாட்டிக்கொண்டார். அட்டவணை கிடையாது, மீட்டிங் கிடையாது.

போட்டியன்று காலையில்தான் என் வில் பீரோவை விட்டு என் கைக்கு வந்தது. பழகிப் பார்க்கக் கொஞ்சம் அம்பு கொடுத்தார்கள். அந்தத் தூரத்துக்கு உரிய பச்சைப் பின்னைப் பன்றியின் வளையத்து நடுவில் வைத்து அம்பை விட்டேன். இடப்பக்கம் பார்த்து நின்ற பன்றியின் மூக்கைத் தாண்டி, பின்னாலிருந்த வைக்கோல் கட்டில் போய்க் குத்தியது. இன்னொன்று விட்டேன், அதே இடம். இன்னொன்றும் அதே இடம்தான். எல்லா அம்பும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் அடங்கும். அந்த டம்ளர்தான் பன்றியின் நெஞ்சுக்கு இரண்டு சாண் இடதுபக்கம் இருந்தது.

"ரிப்பீட்டபிலிட்டி பாத்தியாம்மா! எல்லாம் ஒரே இடம்!" என்று சார் கைதட்டினார்.

"பன்னி மேல படலையே சார்."

சென்னகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து திருகு முடுக்கும் ஆலன் கீயை எடுத்துக்கொண்டு வந்தார். "வைஸு புடிக்கறது வேற, நீங்க புடிக்கறது வேற மேடம். உங்க கை, உங்க கண்ணுக்குத்தான் சைட்டு வெக்கணும். சொல்ப லெஃப்ட்ல தள்ளிட்டா ஆச்சு, ஒரு நிமிசம்."

சார் ஓடிவந்து சைட்டைக் கையால் பொத்திக்கொண்டார். "சீல் இருக்குங்க! சீலை உடைச்சா கேலிபரேஷன் செல்லாது. மறுபடி வைஸ்ல ஏத்தணும்!"

மாமரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். "உடைச்சிரு லட்சுமி. நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாசம்தான், சீல் பெயின்ட் கீறியிருந்தது என்று இவர் அளவு பார்க்கும் கேஜைத் தூக்கி வைத்துவிட்டு, ஷிஃப்ட் முழுக்க இவர் கடைந்ததை நிறுத்தியிருந்தேன். இன்றைக்கு நான் சீலை உடைத்தால் கேன்டீனில் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். உடைக்காவிட்டால் ஒரு வருஷம் இருட்டோடு எழுந்து வெங்காயம் நறுக்கவேண்டும். ஆலன் கீ கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. "இருக்கட்டும்ண்ணா" என்று சென்னகிருஷ்ணனை அனுப்பிவிட்டேன்.

ஆளுக்கு மூன்று அம்பு. வீட்டுக்காரர்தான் முதலில் எய்தார். முதல் அம்பு பன்றியின் முதுகுக்கு மேலே பறந்தது. உடனே ஆலன் கீயை வாங்கிப் பின்னைக் கொஞ்சம் நகர்த்தினார். அடுத்த இரண்டும் வளையத்துக்குள். மூன்றுக்கு இரண்டு. புரொடக்‌ஷன் பயல்கள் போட்ட விசில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்டிருக்கும்.

என் முறை வந்தது. ஜெயிக்கவேண்டுமானால் மூன்றும் உள்ளே போகவேண்டும். பச்சைப் பின்னை வளையத்தில் வைத்தேன். அம்பு எங்கே போகும் என்று அப்போதே தெரிந்தது. வில்லை இறக்கிவிட்டு யோசித்தேன். பின்னை நகர்த்தத்தானே கூடாது? பார்வையை நகர்த்தலாமே. மறுபடி தூக்கினேன். இரண்டு சாண் வலதுபக்கம் தள்ளினால் பன்றிக்கு வால் முளைக்கிற இடம். பச்சைப் பின்னை அங்கே கொண்டுபோய் வைத்தேன். கம்பெனியே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பன்றியின் பின்பக்கத்துக்கு அவ்வளவு கவனமாகக் குறிவைத்தவள் ஓசூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"வளையத்துலதானே வெச்சிருக்க?" என்றார் சார் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"உம்" என்றேன். விட்டேன்.

நெஞ்சில் போய்க் குத்தியது. டெல்பின் கத்தினாள். இரண்டாவதும் உள்ளே. மூன்றாவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டுத்தான் அதுவும் உள்ளே என்று தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது. சௌந்தரராஜன் சார் ஜெனரல் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ஃபிக்ஸ்சர் மெத்தட் சார். மனுஷன் கையை எடுத்துட்டோம்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கடலைப் பொட்டலத்தோடு வந்தார். முகத்தில் தோற்றவன் களை கொஞ்சமும் இல்லை.

"எங்க குறி வெச்ச?"

"வளையத்துல."

"பொய் சொல்லாத. பக்கத்துல நின்னு, வில்லு எங்க பாக்குதுன்னு பாத்தேன். வால்ல வெச்ச. எவ்ளோ விலகுதோ அவ்ளோ எதிர்ப்பக்கம் தள்ளி வெச்ச. ஏன் விலகுச்சுன்னு யாருக்காச்சும் எழுதிக் குடுத்தியா?"

நான் அவர் பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து உரித்தேன்.

"அதுக்குப் பேரு என்னா லட்சுமி?"

"பிரியாணி ஆறுது, வாங்க."

"பேர சொல்லு, வர்றேன்."

"ஆஃப்செட்டு. போதுமா?" என்றேன். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் கடலையெல்லாம் தரையில் கொட்டியது. ஜெயித்தும் தோற்றமாதிரி இருந்தது எனக்கு. ஆனாலும் தூக்கம் என்னுடையது, அதை யாரும் பிடுங்கமுடியாது.

திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். இருட்டோடு எழுந்து சமையலறையில் பாத்திரங்களை உருட்டினார். நான் போர்வைக்குள் கிடந்து, எது விழுகிறது, எது உடைகிறது என்று கேட்டுக்கொண்டே ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல் விழித்திருந்தேன். கிளம்பும்போது ஞாபகமாகப் பைக்குள் ஒரு சிவப்பு டேக்கை எடுத்து வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஷிஃப்ட் விட்டதும் இரண்டு பேரும் கேன்டீனில் டப்பாவைத் திறந்தோம். குழம்பை ஊற்றி ஒரு வாய் வைத்தேன். நாக்கு சுருண்டுவிட்டது.

"உப்பு இவ்ளோ தூக்கலா இருக்கு!"

"தெரியும். அதனால பொரியல்ல உப்பே போடல, சோத்துலயும் போடல. மூணையும் சேத்துப் பெசைஞ்சி தின்னு."

பிசைந்தேன். தின்றேன். உப்பு சரியாக இருந்தது. ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் முழு டப்பாவையும் காலி செய்துவிட்டேன். அவர் தன் டப்பாவைத் தொடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் விட்ட கையைச் சும்மா வெளியே எடுத்தேன்.

"ஓகே" என்றேன்.

"என்னாது? கேக்கல."

"ஓகே! போதுமா?"

"எழுதிக் குடு" என்றார்.