தொடுவாய்க்கு வந்த பலகை

வைரவர் கோயிலில் காப்பு அவிழ்த்த மறுநாள் மாலை, இறால் வலையைத் தோளில் சுமந்து வந்த முத்துக்குமாரு, தொடுவாயின் கரையில் புதிய பலகையொன்றைக் கண்டு நின்றார். 'தேசியப் பூங்கா. உட்செல்லத் தடை.' கடலும் களப்பென்னும் உப்பங்கழியும் சந்திக்கும் அந்த வாய்தான், தந்தையின் காலம் முதல் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

"அண்டைக்கே சொன்னனான். உவங்கள் ஹோட்டல் கட்டத்தான் அளக்கிறாங்கள்!" என்று கத்தினார்.

கூட வந்த மனைவி மகாதேவி பலகையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அந்தத் தம்பி வந்து கேக்கேக்கை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

கார்த்திகையில் நடந்தது அது. பூங்கா அலுவலர் சுபாங்கன் சீருடையோடும் படிவத்தோடும் வீடு வீடாக வந்தார். எதற்காகக் கேட்கிறார் என்பதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்பவரையெல்லாம் சந்தேகித்துப் பழகிய ஊரோ ஒரே குரலில் பொய் சொன்னது: "தொடுவாய்ப் பக்கமோ? நாங்கள் போறேல்லை, ஐயா." அப்படியே எழுதிய படிவத்தில் வாசிக்காமலே கையெழுத்தும் வைத்தது. அலுவலர் நேரில் போய்ப் பார்த்தார், ஒரு வலையும் இல்லை. எப்படி இருக்கும்? கார்த்திகையில் தொடங்கி இறால் குஞ்சுகள் களப்புக்குள் ஏறும் நாற்பது நாளும், வைரவருக்குக் காப்புக் கட்டிய அவ்வூரார் எவரும் அங்கே வலை போடுவதில்லை. அவர் அதைக் கேட்கவுமில்லை, இவர்கள் சொல்லவுமில்லை.

ஊரார் முறையிட்டதன்பேரில், அடுத்த ஞாயிறன்று சுபாங்கன் சனசமூக நிலையத்துக்கு வந்து, பழைய படிவத்தை முத்துக்குமாருவிடம் நீட்டினார்.

"ஐயா, இது உங்கடை கையெழுத்துத்தானே? நீங்கள் பாவிக்காத இடம் எண்டுதான் பூங்காவுக்குள்ளை சேத்தனாங்கள்."

முத்துக்குமாரு வாய் திறக்கவில்லை. பொய்யென்று ஒப்புக்கொண்டால், அதையும் எழுதி வழக்குப் போடுவார்களோ?

"என்ன மச்சான், வைரவற்றை காப்பை உன்ரை வாயிலையோ கட்டினது?" என்று பின்வரிசையிலிருந்து ஆழ்வாப்பிள்ளை குத்தினார். சபை சிரித்தது.

முத்துக்குமாரு எழுந்தார். "பொய்தான், தம்பி. வழக்குப் போடுறதெண்டால் போடுங்கோ. ஆனால் வருசம் நாப்பது நாள், குஞ்சு ஏறட்டுமெண்டு வலை போடாமல் அந்த வாயைக் காத்தது நாங்கள். மிச்ச நாள் எங்கடை சீவியம் அதிலைதான்."

சுபாங்கன் படிவத்தை மடித்து வைத்தார். "ஏன் கேக்கிறன் எண்டு சொல்லாதது என்ரை பிழை. ஒருநாள் வந்து பாத்திட்டு வரைபடம் கீறினதும் பிழை. திருத்தச் சொல்லி மேலிடத்துக்கு எழுதுறன். அந்த நாப்பது நாளையும் சேத்து எழுதுவம்."

"எழுதினதை முதல்லை வாசிச்சுக் காட்டுங்கோ. பிறகுதான் கையெழுத்து," என்றார் முத்துக்குமாரு.

மகாதேவி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "இதை அண்டைக்கே கேட்டிருக்கலாம். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேள்வி கேக்கவேணும். பொய் சொல்லக் கூடாது. தம்பி, நீங்களும் கேளுங்கோ: காக்க வாற ஆக்கள், அங்கை ஏற்கெனவே காக்கிறது ஆர் எண்டு முதல்லை விசாரிக்கவேணும்."