கவுண்ட்டர் அம்மா வீடு

மூன்றாவதாக வந்தவளும் நாற்காலியில் வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பி நடந்தாள். நர்ஸ் உடுப்பு. டியூட்டி முடிந்த கையோடு வந்திருக்க வேண்டும். மகள் செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடி அவளைப் பிடித்தாள்.

“என்னங்க, உள்ள வராமலே போறீங்க?”

“மன்னிச்சுக்கம்மா. பஸ் ஸ்டாண்டு கவுண்ட்டர் அம்மா தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டு வந்தேன். வீடு மாறிடுச்சு போல. பாவம், இங்க யாரோ சின்னப் பொண்ணு.”

சிரிப்பதா அழுவதா என்று மகளுக்குத் தெரியவில்லை. “இதே வீடுதாங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

படத்தில் அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. ஸ்டவ் வெடிப்பதற்கு மூன்று வருடம் முந்தைய முகம். வெடித்தபோது மகள் கைக்குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி திரும்பியதும் அப்பா ஒரு வாரம் தரையைப் பார்த்தே பேசினாராம். எட்டாம் நாள் ஆளே இல்லை. மகளுக்குத் தெரிந்தவள் அதற்கப்புறம் இருந்த அம்மாதான். இடது பக்கம் இழுத்துக்கொண்ட உதடு, புருவமில்லாத ஒரு கண். வேலையில் சேர்ந்த முதல் நாள், பின்னறையில் உட்கார்ந்து ஃபைல் அடுக்கச் சொன்னார் மேனேஜர். “டிக்கெட் கொடுக்கத்தானே சார் எடுத்தீங்க?” என்று கேட்டுவிட்டுக் கவுண்ட்டர் கண்ணாடிக்கு முன்னால் போய் உட்கார்ந்தவள், இருபத்தாறு வருடம் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. முறைத்துப் பார்ப்பவர்களிடம், “பாத்தாச்சா? இப்ப எந்த ஊருன்னு சொல்லுங்க,” என்பாள். வரிசையே சிரித்துவிடும். நேற்று மத்தியானம்வரை அப்படித்தான் இருந்தாள்.

“மாமா, வேற படம் வைக்கலாம்,” என்றாள் மகள், படத்தைக் கொண்டுவந்து வைத்த அம்மாவின் அண்ணனிடம்.

“வேற எங்க இருக்கு பாப்பா? நானும் தேடாத இடமில்ல.”

அவள் போனை எடுத்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பிறந்தநாள், கடற்கரை, பட்டமளிப்பு, கல்யாணம். எல்லாரும் இருந்தார்கள், ஒரே பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அம்மா மட்டும் இல்லை. ஒவ்வொரு தடவையும் “அம்மா, நீ எடு,” என்று போனை நீட்டியவள் அவளேதான். ஊரே முகம் பார்த்துப் பேசிய மனுஷியை வீட்டில் இருந்தவர்கள் படத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். படத்துக்கு நிற்க மாட்டேன் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு படம், மங்கலாக இருந்தாலும் போதும் என்று கடைசிவரை தள்ளிப் பார்த்தாள்; கிடைக்கவில்லை.

போனை வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்த படத்தை எடுத்து மாமா கையில் கொடுத்தாள். “இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“படம் இல்லாம எப்படி? முகத்தையும் மூடி வச்சிருக்கோம்.”

“அத ஏன் மாமா மூடினீங்க?”

“நாலு பேர் வர்ற இடம். ஒரு மாதிரி பாத்தா அவ மனசு கஷ்டப்படுமேன்னுதான்.”

“வர்றவங்க எல்லாம் தெனமும் பாத்தவங்கதான், மாமா.”

அவர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “எனக்கு என் தங்கச்சின்னா இவதான் பாப்பா. கண்ண மூடினா இவதான் வர்றா,” என்றார். மகளுக்கு நினைவே இல்லாத ஒருத்திக்காக இந்த மனுஷன் முப்பது வருடமாக ஏங்கிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் குனிந்து அம்மாவின் முகத்திலிருந்த துணியை விலக்கிக் கழுத்துவரை மடித்துவிட்டாள். தலைமுடியைக் கையாலேயே ஒதுக்கினாள். பிறகு வாசலுக்குப் போய் நர்ஸைக் கூப்பிட்டாள்.

நர்ஸ் கிட்டே வந்து நின்று, நேராகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள். “இவங்கதான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து, முன்னால் வந்து திரும்பிப்போனவர்களில் ஒருத்தியை அழைத்தாள். “எங்க இருக்கீங்க? நாம தப்புன்னு நெனச்ச அதே வீடுதான். திரும்பி வாங்க.”