வண்டியைச் செருகிட்டியா?

1

இந்தக் கதை ஒரு ஒயரிலிருந்து வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? போன வாரம் மளிகைக் கடை வாசலில் என்னைக் கடந்துபோன டீசல் வண்டியின் முகப்பிலிருந்து ஒரு பிளக் வெளியே தொங்கியது, சட்டையில்லாத குழந்தையின் அரைஞாண் கயிறு போல. கனடாவில், இந்த வடக்கு சஸ்காச்சுவனில் எல்லா வண்டிக்கும் அது உண்டு. சுவரில் செருகினால், உள்ளே இருக்கும் ஹீட்டர் விடியவிடிய எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும். செருகாமல் விட்டால், மைனஸ் நாற்பதில் காலையில் ஒரு முனகலோடு சரி. ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியதுதான். அன்று மட்டும் ஏனோ நின்று பார்த்தேன். யாரோ ஒரு வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பி வந்திருக்கிறார். அந்த வீட்டில் இப்போது யார் இருப்பார்கள்?

2

முதல் வரி: "பனி கொட்டிக்கொண்டிருந்தது." அட, போங்கள். இந்தக் குளிரில் பனி எங்கே கொட்டுகிறது? கதை எழுதுகிறவர்கள்தான் கொட்ட வைப்பார்கள்.

அடுத்தது: "நெட்டி தன் கணவனை வெறுத்தாள்." பச்சைப் பொய். வெறுத்திருந்தால் எனக்கு ஏன் இத்தனை பாடு?

அடுத்தது: "ஓரெஸ்ட் உள்ளே வந்தபோது நெட்டி காளான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்."

இது இருக்கட்டும்.

3

நெட்டியும் ஓரெஸ்டும் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் இல்லை. அவன் வேலைக்குப் போனான், போய்க்கொண்டே இருந்தான், அவ்வளவுதான். கோடையில் எண்ணெய் வயல். குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் லாரி ஓட்டுவது. வடக்கே போகிற வழியில், ஜனவரி ஐந்தாம் தேதி மாலை வருவான். ஆறாம் தேதி காலையில் போய்விடுவான். உக்ரைனிலிருந்து வந்த குடும்பங்கள்; பழைய நாட்காட்டிப்படி ஆறாம் தேதி இரவுதான் அவர்களுடைய கிறிஸ்துமஸ் விருந்து. பன்னிரண்டு பதார்த்தம் செய்து, செத்தவர்களுக்கென்று மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள்.

"வாசல்லயே நிக்காத, குளிர் உள்ள வருது பார்."

"கட்டிப்பிடிச்சு வரவேற்பேன்னு நெனச்சேன்," என்றான் ஓரெஸ்ட், ஆரஞ்சுப் பெட்டியைக் கீழே வைத்தபடி.

"மொதல்ல கதவைச் சாத்து. அப்புறம் பாக்கலாம்."

கதவைச் சாத்தினான். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"நாளைக்கு ராத்திரி இருப்பியா?"

"மத்தியானத்துக்குள்ள லாரி முகாம்ல நிக்கணும் நெட்டி. லேட்டானா என் லாரியை இன்னொருத்தன்கிட்டத் தூக்கிக் குடுத்துருவான்."

"அப்ப இந்த வருஷமும் செத்தவங்க தட்டுலயே உனக்கும் சேத்து வெக்கிறேன். உசுரோட இருக்கறவனுக்கு!"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் ஓரெஸ்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

"முட்டி வலி உசுரு போகுது. நீ போய் வண்டியைச் செருகிட்டு வாயேன்."

4

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த நீள ஒயரை எடுத்துக்கொண்டு நெட்டி வெளியே போகிறாள். நடுவில் கறுப்பு டேப் சுற்றிய பழைய ஒயர். கல்யாணமான புதிதில் ஓரெஸ்ட் கழற்ற மறந்து வண்டியை எடுத்து, இதைத் தேவாலயம் வரை தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போனான்.* பிறகு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். அப்படித் திரும்பி வந்ததற்காகத்தான் அவள் ஒயரைத் தூக்கிப் போடவில்லை.

(*இந்த ஊரில் அந்தத் தப்பைச் செய்யாதவர் யாருமில்லை. என் ஒயர் பெட்ரோல் பங்க் வரை வந்தது.)

இங்கே கைவசம் இரண்டு முடிவு வைத்திருந்தேன். ஒன்று: செருகுகிறாள். காலையில் வண்டி ஒரே திருப்பில் கிளம்புகிறது. தட்டு காலி. இரண்டு: செருகாமல் உள்ளே வந்துவிடுகிறாள். அவன் தங்குகிறான், குளிர்கால வேலை பறிபோகிறது, பன்னிரண்டு பதார்த்தத்துக்கு முன்னால் அவன் முகம்

வேண்டாம். அந்த முடிவில் எனக்கு நெட்டியைப் பிடிக்கவில்லை. முதல் முடிவில் என்னையே பிடிக்கவில்லை.

5

ஆகவே அவளைக் குனிய வைத்தேன். மாலை ஐந்து மணிக்கே கும்மிருட்டு. வண்டியின் முகப்பைத் தடவினாள். ஒயர் கிடைத்தது, பிளக் கிடைக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். அறுந்த கம்பிகள் விரலில் குத்தின. எங்கேயோ கழற்ற மறந்து கிளம்பியிருக்கிறான், பாவி மனுஷன்.

(கம்பியின் செம்பு பளபளவென்று இருந்தால் இன்று காலை அறுந்தது. அவனுக்குத் தெரியாது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு பட்டுக் கறுத்திருந்தால் பழைய அறுப்பு. அப்படியானால் செருகவே முடியாத வண்டியைத் தெரிந்தேதான் செருகச் சொல்லியிருக்கிறான், தங்கிவிடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல். முந்தைய வரைவில் நெட்டியின் பையில் டார்ச் இருந்தது. நான்தான் எடுத்துவிட்டேன்.)

உள்ளே போய்ச் சொன்னால் போதும். முட்டியாவது வலியாவது, எழுந்து ஓடி எதிர்வீட்டுச் சூடான ஷெட்டில் வண்டியை விட்டுவிடுவான். காலையில் போயும்விடுவான். நெட்டிக்கு வேண்டியது ஒரே ஒரு ராத்திரி. கேட்டாகிவிட்டது, இல்லையென்றும் ஆகிவிட்டது. விரல் மரத்துப்போகும் வரை அந்த அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

6

"வண்டியைச் செருகிட்டியா?"

அவன் தலை நிமிரவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

நெட்டி ஒயரை ஆணியில் மாட்டப் போனாள். மாட்டினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று உறைத்தது. ஒயர் வெளியே அல்லவா இருக்க வேண்டும்? கதவைத் திறந்து அதை வாசலில் போட்டுவிட்டு வந்தாள். அவன் அதையும் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்தானோ என்னவோ.

"ம்," என்றாள்.

"நல்லதாப் போச்சு," என்று பாதி ஆரஞ்சை அவளிடம் நீட்டினான்.

காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி என்ன சொல்லும் என்று நெட்டிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஓரெஸ்டுக்கு?

இந்தாருங்கள் டார்ச். நீங்களே போய்க் குனிந்து கம்பியின் நிறத்தைப் பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். கறுத்திருந்தால் மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.